ஏழு கோடு போட்ட எண்ணெய்ப் புட்டி

1958 ஜூலை 12, சனிக்கிழமை. காலை மணி 6.40.

குற்றாலம் ஐந்தருவிச் சாலையில், எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குக் கிளம்பிய ஐந்து பேர் வரிசையில் நாலாவது ஆள் கால் இடறி விழுந்தார். தூக்கிவிடக் குனிந்த அருமைநாயகம் சார் குனிந்தபடியே நின்றுவிட்டார். விழுந்தவர் வாயிலிருந்து சாராய வாடை குப்பென்று அடித்தது.

மதுவிலக்கு வந்து பத்து வருஷம் ஆகியும் சாராய வாடை இந்த ஜில்லாவில் யாருக்கும் புதிதல்ல. ஆனால் விழுந்தவர் தங்கியிருந்தது தெளிவகத்தில். குடியை விடுவதற்கென்றே அருமைநாயகம் நடத்தும் வீடு அது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஒரே மகனைக் குடிக்குப் பறிகொடுத்தவர். பென்ஷன் பணத்தில் ஒரு பழைய சீசன் பங்களாவை வாடகைக்குப் பிடித்து ஐந்து கட்டில் போட்டிருந்தார். காலையில் அருவி, மதியம் கஞ்சி, மாலையில் தோட்ட வேலை, பிரார்த்தனை. நாற்பத்தெட்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம்.

வாசல் பலகையில் இரண்டே விதிகள். ஒன்று: மூன்று நாள் குடிக்காமல் இருந்துவிட்டு வரவும். இரண்டு: உள்ளே ஒரு சொட்டு வந்தாலும் இல்லம் மூடப்படும்.

இரண்டாவது விதியைப் படித்தவர்கள் சும்மா மிரட்டல் என்று நினைத்தார்கள். அருமைநாயகத்தைத் தெரிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

காலை மணி 7.25. ஆய்க்குடி.

மதுவிலக்கு சப்-இன்ஸ்பெக்டர் சிவனணைந்தபெருமாள் தலையில் தேய்க்க எண்ணெய் கேட்டார். அவர் மனைவி குருவம்மாள் புட்டியை அடுப்பு ஓரத்தில் சாய்த்து வைத்துச் சூடு காட்டிக்கொண்டிருந்தாள்.

"செத்த இருங்க. மூணு நாளா சாரல் விடல. தேங்காயெண்ணெய் கட்டியா உறைஞ்சு கெடக்கு."

இன்னும் ஏதோ சொல்ல நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கொழுந்தப்பிள்ளய ஜன்னல் வழியாப் பாத்தேன். விடிஞ்சதுலேருந்து சுவத்துல எறும்பு பொறுக்குதாரு. அங்கன ஒரு எறும்பும் இல்ல. கை ரெண்டும் கிடுகிடுன்னு ஆடுது. கதவத் தெறந்து விட்டா என்ன?"

"நடிக்கான். தெறந்தா நேரா சாராயம் காச்சுத இடத்துக்குத்தான் போவான். நாளைக்குக் காலையில நானே தெறக்கேன்."

சொல்லிவிட்டுச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பின்கட்டு அறையின் சாவி அங்கேதான் இருந்தது.

உள்ளே இருந்தவன் அவருடைய தம்பி மாடன். பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் போய், பர்மா சண்டையில் கூட இருந்தவர்களை எல்லாம் மண்ணுக்குள் வைத்துவிட்டுத் திரும்பி வந்தவன். வந்த நாளிலிருந்து தூக்கம் கிடையாது; தூங்குவதற்காகக் குடித்தான். அண்ணன் ஊர் ஊராகச் சாராயப் பானைகளை உடைக்க, தம்பி அந்தப் பானைகளைத் தேடிப் போனான். ஊர் சிரித்தது. சிவனணைந்தபெருமாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன்மேல் அவருக்கு உயிர்.

எங்கெங்கோ அலைந்து பார்த்தார். ஒரு டாக்டர் தூக்கத்துக்கு மருந்து எழுதிக் கொடுத்து, இதற்கெல்லாம் மெட்ராஸ்தான் என்றார். ஒரு மந்திரவாதி கோழி கேட்டான். கோயிலில் ஒரு மண்டலம், தர்காவில் ஒரு மாதம். கடைசியில் பக்கத்துக் குற்றாலத்திலேயே தெளிவகம் இருப்பது தெரிந்தது. மூன்று கடிதம் போட்டபின் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கட்டில் கிடைத்தது. முதல் விதிப்படி மூன்று நாள் காய வேண்டுமே! வியாழன் காலையில் தம்பியை உள்ளே தள்ளிப் பூட்டினார்.

தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கும்போதே சைக்கிளில் ஆள் வந்து சீட்டுக் கொடுத்தான். அருமைநாயகத்தின் முத்து முத்தான கையெழுத்து. "உள்ளே சொட்டு வந்துவிட்டது. குற்றவாளியைக் கண்டுபிடித்துக் கொடுங்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு இல்லத்தை மூடுகிறேன்."

சிவனணைந்தபெருமாள் சீட்டை இரண்டு முறை படித்தார். பன்னிரண்டு மணிக்கு அந்த வீடு மூடினால் அவர் தம்பிக்குப் போக்கிடம் இல்லை.

காலை மணி 8.30. தெளிவகம்.

மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் அருமைநாயகம் குடையோடு வந்தார். முகம் செத்திருந்தது.

"வாங்க. உள்ள கொண்டு வந்தது யாருன்னு நானா யாரையும் சொல்ல மாட்டேன். நீங்களே பாருங்க."

விழுந்தவர் பெயர் தாணுமாலயன். நாற்பத்திரண்டு வயது, தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. தெளிவகத்தில் அவருக்கு இது முப்பத்தொன்பதாவது நாள். கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"எப்பக் குடிச்சீங்க?"

"விடியக்காலம்."

"யாரு கொடுத்தது?"

"நான் குடிச்சேன். நானேதான் குடிச்சேன். வேற யாரையும் கேக்காதீங்க."

"நேத்துக் குடிச்சீங்களா?"

"இல்ல."

"முந்தாநாள்?"

"இல்ல."

அறையைச் சுற்றிப் பார்த்தார் சிவனணைந்தபெருமாள். தலையணைக்கடியில் ஒன்றும் இல்லை. ஜன்னல் விளிம்பில் இரண்டு சாண் நீளத்துக்கு ஒரு பப்பாளிக் காம்பு காய்ந்து கிடந்தது. மூலையில் குடை. அதில் ஒரு கம்பி மட்டும் துணியை விட்டுக் கழன்று நின்றது. அதன் நுனியைத் தொட்டார். வெள்ளையாக, பிசுபிசுவென்று கையில் ஒட்டியது.

அடுத்து ஆறுமுகநயினார். வாசல் காவல், சமையலுக்குக் காய் வாங்குவது, உள்ளே வரும் சாமானைச் சோதிப்பது எல்லாம் அவன்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டில் குடியை விட்டவன். வியாழக்கிழமை செங்கோட்டைச் சந்தைக்குப் போய் வந்திருக்கிறான். செங்கோட்டையைத் தாண்டி, புளியரையையும் தாண்டினால் கேரளா. அங்கே கடை திறந்திருக்கும். வீட்டிலிருந்த மற்ற நாலு பேரும் ஒரே குரலில் அவனைத்தான் காட்டினார்கள்.

"என்னவே, சந்தைக்குப் போனா காயோட நிறுத்தணும்லா?" என்றார் சிவனணைந்தபெருமாள்.

"எஸ்.ஐ. ஐயா, நான் தொட்டு மூணு வருசமாச்சு. என் புள்ள மேல சத்தியம். இப்ப என்னைய உள்ள வச்சியன்னா, வெளிய வரும்போது நான் மறுபடியும் குடிகாரனாத்தான் வருவேன். அது மட்டும் நிச்சயம்."

கெஞ்சலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான். அது சிவனணைந்தபெருமாளுக்குச் சுருக்கென்றது.

"உள்ள வருதத எப்படிச் சோதிப்ப?"

"பழத்த அமுக்கிப் பாப்பேன். பலகாரத்த ஒடச்சுப் பாப்பேன். எண்ணெய்ப் புட்டின்னா மூடியத் தெறந்து மோந்து, உள்ளங்கையில கொஞ்சம் ஊத்திப் பாப்பேன். அவங்கவங்க எண்ணெய் அவங்கவங்க வீட்டுலேருந்துதான் வருது. புதன்கெழம வரும். சோதிச்ச தேதிய எழுதி ஒட்டிருவேன்."

அவன் துணி மூட்டையை அவிழ்த்தார்கள். உள்ளே இரண்டு வேட்டி, ஒரு சீப்பு, கால்வாசி சிவப்பு மருந்தோடு ஒரு புட்டி. மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிவனணைந்தபெருமாள் முகர்ந்தார். இருமல் மிக்சர். புட்டியின் பக்கவாட்டில் வேளைக்கு இவ்வளவு என்று காட்ட, பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டை ஒட்டியிருந்தது. எந்த ஆஸ்பத்திரி கம்பவுண்டரும் மிக்சர் புட்டியில் ஒட்டிக் கொடுப்பதுதான்.

புட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். இதே மாதிரிப் பட்டையை இந்த வீட்டில் வேறு எதிலோ சற்று முன்பு பார்த்திருக்கிறார்.

காலை மணி 9.35.

தாழ்வாரத்தில் ஒரு பலகையில் ஐந்து எண்ணெய்ப் புட்டிகள் வரிசையாக நின்றன. நாலில் நல்லெண்ணெய். அது தெளிவாக இருந்தது. ஐந்தாவதில் தேங்காயெண்ணெய், வெள்ளையாக உறைந்திருந்தது. சீட்டில் தாணுமாலயன் பெயர், ஜூலை 9. கீழ்ப் பாதியில் காகிதப் பட்டை. எண்ணினார், ஏழு பல்.

தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்க்கு யாராவது வேளைக்கு இவ்வளவு என்று கோடு போடுவார்களா?

புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மேல்பாதியில் வெள்ளை எண்ணெய் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே வெறுங்காற்று. அடியில் தண்ணீர்போல ஏதோ கொஞ்சம் தளதளத்தது. மூடியைத் திறந்தார். உறைந்த எண்ணெய்க்கு நட்டநடுவில் ஒரு துளை, கிணறு மாதிரி நேராகக் கீழே இறங்கியது.

அவர் சிரித்தே விட்டார்.

"ஆறுமுகநயினார், இவரோட பழைய புட்டி எல்லாம் எங்க?"

"தூரப் போடல. மண்ணெண்ணெய்க்கு ஆவும்னு சமையக்கட்டுல வச்சிருக்கேன். அஞ்சு இருக்கு."

"கொண்டா. சீட்டக் கிழிச்சிராத."

காலை மணி 10.15.

சனிக்கிழமையும் புதன்கிழமையும் வீட்டார் பார்க்க வரலாம். தாணுமாலயனின் மனைவி முத்துவடிவு ஈரக் குடையோடு வந்து ஏறினாள். புருஷனுக்காகத் தென்காசியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஆறு வாரமாகத் தங்கியிருப்பவள். பலகையில் தனியே அடுக்கியிருந்த தன் ஆறு புட்டிகளையும் போலீஸ் உடுப்பையும் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள்.

"வாங்கம்மா, உக்காருங்க. நீங்க தூத்துக்குடிதானே? பொறந்ததும் அங்கதானா?"

"ஆமா ஐயா."

"அதான் தெரியல. தூத்துக்குடி வெக்கையில தேங்காயெண்ணெய் ஆயுசுக்கும் உறையாது. குத்தாலத்துச் சாரல்ல உறையும்."

முத்துவடிவு உறைந்திருந்த புட்டியைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

சிவனணைந்தபெருமாள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "சாராயத்துல எண்ணெய ஊத்தினா எண்ணெய் மேல மிதக்கும். மேல எண்ணெய், கீழ சரக்கு. மோந்தாலும் எண்ணெய், கையில ஊத்தினாலும் எண்ணெய். ஆறுமுகநயினார் ஒழுங்காத்தான் சோதிச்சான், ஏமாந்தான். உள்ள இருக்கவருக்கு ஒரு பப்பாளிக் காம்பு போதும். எண்ணெயத் தாண்டி விட்டு அடியில இருக்கத உறிஞ்சிக்கலாம். அஞ்சு வாரம் ராத்திரி ஒரு கோடுன்னு, விடியும்போது வாடை தெரியாம நடந்திருக்கு. இந்தப் புதனுக்கப்புறம் சாரல் புடிச்சுது, எண்ணெய் உறைஞ்சுது. காம்பு எறங்கல. வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் ஒண்ணும் இல்ல. இன்னைக்கு விடியக்காலம் குடைக்கம்பிய வச்சுக் குத்தித் தொளை போட்டாரு. ரெண்டு நாள் தவிப்பு. கோட்டப் பாக்காம இழுத்துட்டாரு."

"அப்ப இந்தம்மாதான் குற்றவாளி," என்றார் அருமைநாயகம். குரலில் கோபத்தைவிட வருத்தமே இருந்தது. "முப்பத்தொன்பது நாள் என் வீட்டை ஏமாத்தி இருக்காங்க."

"சார், அந்த ஆறு பட்டையையும் பாருங்க. தேதிப்படி அடுக்கியிருக்கேன்."

ஜூன் 4 புட்டியில் பட்டை கழுத்துவரை எட்டியது. 11இல் அதற்குச் சற்றுக் கீழே. 18, 25, ஜூலை 2 என்று ஒவ்வொன்றும் ஒரு படி கீழே. ஜூலை 9இல் பாதிப் புட்டிகூட இல்லை. எல்லாவற்றிலும் ஏழு பல்தான். பல்லின் அகலம் வாராவாரம் சுருங்கியிருந்தது.

"ஒருத்தனக் கெடுக்கணும்னு நெனைக்கவன் புட்டிய நெரப்பிக் கொடுப்பான். இது அளந்து அளந்து கொறச்சுருக்கு. ஏன்னுதான் எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்கம்மா."

முத்துவடிவு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மொத விதி ஒண்ணு போட்டிருக்கீங்கள்லா, மூணு நாள் குடிக்காம வரணும்னு? நான் பொய் சொல்லித்தான் சேத்தேன். வந்த அன்னைக்குக் காலையிலகூட இவுகளுக்கு நானே ஊத்திக் கொடுத்தேன். எங்கன வாங்கினேன்னு மட்டும் கேக்காதீங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எங்கப்பாவும் பெரிய குடிகாரர். குடிய மறக்கணும்னு எங்க மாமாமாருங்க ஒரு ரூமுக்குள்ள போட்டுப் பூட்டுனாங்க. மொத நாளு கை நடுக்கம். ரெண்டாம் நாளு தூக்கம் இல்ல. மூணாம் நாளு காலையில சுவத்துல எறும்பு போவுதுன்னு பொறுக்க ஆரம்பிச்சாரு. ஒரு எறும்பும் இல்ல. எல்லாரும் நடிக்காருன்னு சொன்னாங்க. மத்தியானம் வலிப்பு வந்துது. ஒரு மணி நேரத்துல போயிட்டாரு. எனக்கு அப்பப் பதிமூணு வயசு. வருசக்கணக்காக் குடிச்ச ஒடம்ப ஒரே நாள்ல நிறுத்தினா அது தாங்காது ஐயா. படிப்படியாத்தான் எறக்கணும். இன்னும் ஒரே ஒரு புட்டி பாக்கி. அதோட நாப்பத்தெட்டு நாளும் முடியும், குடியும் முடிஞ்சிருக்கும்."



அருமைநாயகம் மெல்ல எழுந்து போய்த் தன் பேரேட்டை எடுத்து வந்தார். சேர இடம் கேட்டவர்கள் பெயரும் வரவேண்டிய தேதியும் எழுதியது. ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது. நாலு பெயருக்கு எதிரே "வரவில்லை" என்று முத்து முத்தாக எழுதியிருந்தது.

"மனசு மாறிட்டாங்கன்னு நெனச்சேன்," என்றார். "என் வீட்டுக்கு வரவங்க எல்லாரும் மூணு நாளத் தாண்டினவங்க. தாண்டாதவங்களை நான் பாக்கவே இல்லை."

அவர் நிமிர்ந்தபோது சப்-இன்ஸ்பெக்டரின் முகம் வெளுத்திருந்தது. கை சட்டைப்பையில் கிடந்தது. எறும்பு. அங்கன ஒரு எறும்பும் இல்ல. காலையில் எண்ணெயைப் பற்றிச் சொன்ன குருவம்மாளின் அதே வாய்தான் அதையும் சொன்னது. எண்ணெயைக் காதில் போட்டுக்கொண்டவர் எறும்பைப் போட்டுக்கொள்ளவில்லை.

"சார், குற்றவாளி இந்தம்மா இல்ல. ஆறுமுகநயினாரும் இல்ல. வாசல்ல எழுதி வச்சிருக்கே, அந்த மொத விதிதான். அத வச்சு ஒருத்தன் இப்பவும் ஒரு கொலை பண்ணிக்கிட்டு இருக்கான்." சாவியை எடுத்துக் காட்டினார். "அது நான்தான்."

மணி 10.50. மோட்டார் சைக்கிள் கிளம்பிய சத்தம் சாலை முக்குவரை கேட்டது.

முற்பகல் மணி 11.40. ஆய்க்குடி.

தென்காசி ஆஸ்பத்திரி டாக்டர் பையை மடியில் இறுக்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் சிவனணைந்தபெருமாள் கேட்டது ஒரே கேள்விதான்: மூணாம் நாளு, தாங்குவானா? டாக்டர் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

பூட்டுத் துவாரத்தில் சாவி நுழையவில்லை. அவசரத்தில் சாவியைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். குருவம்மாள் பிடுங்கித் திறந்தாள்.

மாடன் மூலையில் குந்தியிருந்தான். உடம்பு முழுக்க வேர்வை. சுவரில் விரலால் எதையோ பொறுக்கிப் பொறுக்கிக் கீழே போட்டான். அண்ணனைக் கண்டதும் பட்டாள அதிகாரியைக் கண்டதுபோல எழுந்து விறைப்பாக நிற்கப் பார்த்தான், கால் நிற்கவில்லை.

"சாப், மண்ணுக்குள்ள வச்ச எல்லாரும் மேல ஊருதாங்க. தட்டித் தட்டி விடுதேன், போவ மாட்டேங்காங்க."

"நான்தாம்லே. அண்ணன். ஒண்ணும் இல்லலே, வந்துட்டேன்."

டாக்டர் ஊசி போட்டார். அந்த மருந்தின் நாற்றம் அறையை நிறைத்தது. கால்மணி நேரத்தில் மாடனின் விரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. "சாயங்காலம்வரை விட்டிருந்தீங்கன்னா நான் வந்து பிரயோஜனம் இருந்திருக்காது," என்றார் டாக்டர். "நாலஞ்சு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கட்டும். இந்த ஆபத்தைத் தாண்ட வைக்க எங்களால முடியும். அப்புறம் மறுபடி தொடாம இருக்கணுமே, அதுக்கு எங்ககிட்ட மருந்து இல்லை. அதுக்குத்தான் அந்த மாதிரி வீடு வேணும். ரெண்டும் அஞ்சு மைல் தள்ளித்தானே இருக்கு? இத்தனை நாள் ஒருத்தரை ஒருத்தர் கேக்கவே இல்லை."

சிவனணைந்தபெருமாள் தம்பியின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதார். போலீஸ்காரர் அழுவதை ஜன்னலில் நின்று தெரு பார்த்தது. பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

அன்று பகல் பன்னிரண்டு மணிக்குத் தெளிவகம் மூடப்படவில்லை. வழக்கும் எழுதப்படவில்லை. அடியில் மீந்த சொட்டை அருமைநாயகமே தோட்டத்தில் ஊற்றிவிட்டார். சட்டப்படி இது சரியா என்றால் சரியில்லைதான். சிவனணைந்தபெருமாள் அந்த ஒரு தப்புக்காகக் கடைசிவரை வருத்தப்படவில்லை. தாணுமாலயனின் ஏழாவது புட்டியை முத்துவடிவு கொண்டு வரவில்லை. டாக்டரே வாரம் ஒருமுறை வந்து பார்த்து மருந்து கொடுத்தார்.

ஜூலை 19, சனிக்கிழமை. காலை மணி 9.

மாடன் அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு தெளிவகத்துப் படி ஏறினான். பலகையில் பழைய விதிகள் இரண்டையும் சுண்ணாம்பு அடித்து அழித்திருந்தது. புதிதாக ஒன்று: "திடீரென்று நிறுத்த வேண்டாம். முதலில் தென்காசி ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வரவும்."

ஆறுமுகநயினார் அவன் பையிலிருந்த எண்ணெய்ப் புட்டியை வாங்கி, முகர்ந்து, கையில் ஊற்றி, மூடியை இறுக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தான்.

"நல்லெண்ணெய்தான்வே," என்றார் சிவனணைந்தபெருமாள்.

"இருக்கட்டும் ஐயா. ஒருக்க ஏமாந்தவன்."

மாடன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று அண்ணன் கணக்குப் பார்க்கவில்லை.

உள்ளே அருமைநாயகம் பேரேட்டை விரித்து வைத்திருந்தார். அந்த நாலு பேர் வீட்டுக்கும் அவர் இந்த வாரம் போய்வந்திருந்தார். இரண்டு வீட்டில் படத்துக்கு மாலை போட்டிருந்தது. அந்தப் பெயர்களுக்குக் கீழே, மாடன், ஆய்க்குடி என்று ஏற்கெனவே எழுதியிருந்த வரிக்கு எதிரே, பேனாவை மையில் தொட்டு ஒரு சொல் எழுதினார்.

"வந்தார்."